மயோடி இருந்தும் மயோபிளாஸ்ட் ஏன் உடனே தசையாக மாறுவதில்லை?

தளிர்22 கேட்டது:

எலும்புத் தசை உருவாவதை மரபணுக் கட்டுப்பாட்டின் பக்கத்திலிருந்து புரிந்துகொள்ளப் பார்க்கிறேன், இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். எந்தப் பாடத்தை எடுத்தாலும் 1987-இல் ஹெரால்டு வைன்ட்ராபின் ஆய்வகத்தில் நடந்த சோதனையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்லுக்குள் மயோடி என்ற ஒரே ஒரு மரபணுவைச் செலுத்தினார்கள், செல் தசைச் செல்லாக மாறிவிட்டது, ஆகவே மயோடிதான் தசையின் தலைமை மரபணு. சரி, இதுவரை புரிகிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். தசையாகப் போகிற மயோபிளாஸ்ட் செல்கள் இன்னும் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும்போதே அவற்றுக்குள் மயோடி புரதம் இருக்கிறது, அதுவும் உட்கருவுக்குள்ளேயே இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அவை அப்போதே தசை நாராக மாறியிருக்க வேண்டுமே, எதற்காகக் காத்திருக்கின்றன? அடுத்தது, மயோடி மரபணுவை அடியோடு நீக்கிய எலிக்குட்டி உயிரோடு பிறக்கிறது, வளர்கிறது, தசையும் ஏறக்குறையச் சரியாகவே இருக்கிறது. தலைமை மரபணு இல்லாமல் இது எப்படி முடிகிறது? இரண்டுக்கும் சேர்த்து யாராவது விளக்கினால் பெரிய உதவி. கொஞ்சம் ஆழமாகப் போனாலும் பரவாயில்லை.

நுண்ணோக்கி:

இரண்டாவது கேள்வியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும், முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன், அதுவே நீளமாகிவிடும்.

மயோடி தனியாக வேலை செய்கிற புரதம் அல்ல. டிஎன்ஏவில் அது உட்காரும் இடத்துக்கு ஈ-பாக்ஸ் என்று பெயர். மொத்தம் ஆறு எழுத்து, சிஏ-வில் தொடங்கி டிஜி-யில் முடியும், நடுவில் உள்ள இரண்டு எழுத்து எதுவாகவும் இருக்கலாம். அங்கே உறுதியாக உட்கார வேண்டுமானால் மயோடி இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர வேண்டும். ஈ12, ஈ47 போன்ற ஈ-புரதங்கள்தான் அந்த ஜோடி, இவை உடம்பின் பெரும்பாலான செல்களில் இருப்பவை. இடையில் ஐடி என்ற புரதம் குறுக்கே வருகிறது. ஜோடி சேர்வதற்கான பகுதி அதற்கு உண்டு, டிஎன்ஏவைப் பிடிக்கிற பகுதி கிடையாது. அதனால் அது ஈ-புரதங்களைப் போய்ப் பிடித்துக்கொண்டு மயோடிக்கு ஜோடி கிடைக்காமல் செய்துவிடுகிறது. வளர்ச்சிக் காரணிகள் தாராளமாக இருக்கிற சூழலில் செல் நிறைய ஐடி தயாரிக்கிறது, அவை குறைந்தால் ஐடியும் குறைகிறது. இதை 1990-இலேயே வைன்ட்ராப் ஆய்வகத்தில்தான் காட்டினார்கள். பெரும்பாலான பாடங்கள் இதோடு நிறுத்திவிடுகின்றன.

ஆனால் இது பாதி விடைதான். 2010-இல் முழு ஜீனோம் அளவில் மயோடி எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தபோது, பிரிந்துகொண்டிருக்கும் மயோபிளாஸ்டிலேயே அது பல்லாயிரக்கணக்கான இடங்களில் உட்கார்ந்திருந்தது. தசையோடு சம்பந்தமே இல்லாத மரபணுக்களின் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தது. ஆக மயோடிக்கு ஜோடி கிடைக்கவில்லை, டிஎன்ஏவைத் தொட முடியவில்லை என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வண்டி ஸ்டார்ட் ஆகி நிற்கிறது, கை பிரேக் போட்டிருக்கிறது, நிலைமை அதுதான். நீங்கள் தேடவேண்டியது பிரேக்குகளை.

பிரேக் ஒன்றல்ல, பல. மயோபிளாஸ்டில் மயோடியோடு ஹிஸ்டோன் டீஅசிட்டிலேஸ் என்சைம்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவை ஹிஸ்டோன்களில், அதாவது டிஎன்ஏ சுற்றியிருக்கிற புரதங்களில் உள்ள அசிட்டைல் குறிகளை அழித்து, டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த குரோமாட்டினை இறுக்கமாகவே வைத்திருக்கும். மயோடியின் கூட்டாளியான மெஃப்2 புரதத்தையும் ஹெச்டாக்4, ஹெச்டாக்5 என்ற இரண்டு டீஅசிட்டிலேஸ்களும் இதே மாதிரி கட்டிப்போட்டிருக்கின்றன. தசைக்கே உரிய பல மரபணுக்களின் மேல் மரபணுக்களை அடக்கி வைக்கிற பாலிகோம்ப் புரதக் கூட்டத்தைச் சேர்ந்த ஈஇசட்ஹெச்2 என்சைம் மூன்றாம் ஹிஸ்டோனின் 27-ஆவது லைசினில் மூன்று மீத்தைல் குறிகளைப் போட்டு வைத்திருக்கிறது, அந்தக் குறி இருக்கும்வரை அந்த மரபணு பேசாது. இதெல்லாம் போதாதென்று செல் பிரிதலை நடத்துகிற சைக்ளின் டி1, சிடிகே4 ஜோடியும் மயோடியின் வேலையைக் கெடுக்கிறது. பிரிந்துகொண்டிருக்கிற செல் அதே நேரத்தில் தசை நாராகவும் ஆக முடியாது, இரண்டும் ஒன்றையொன்று மறிக்கிற வேலைகள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான், செல் சுழற்சியும் செல்லின் அடையாளமும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடப்பது.

பிரேக் எப்படி எடுபடுகிறது என்று பார்த்தால், வெளியே வளர்ச்சிக் காரணி குறைகிறது, உள்ளே பி38 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டுகிற என்சைம்) விழித்துக்கொள்கிறது. குரோமாட்டினை நகர்த்துகிற ஸ்விஸ்னிஃப் கூட்டத்தின் ஓர் உறுப்பு பிஏஎஃப்60சி. இது மயோடியோடு சேர்ந்து முன்கூட்டியே சில தசை மரபணுக்களின் வாசலில் காத்திருக்கிறது. பி38 அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டியதும் கூட்டத்தின் மற்ற உறுப்புகளும் வந்து சேர்கின்றன, குரோமாட்டின் திறக்கிறது. டீஅசிட்டிலேஸ்கள் விலகுகின்றன, எதிர் வேலை செய்கிற பி300, பிகாஃப் வந்து அசிட்டைல் குறிகளைப் போடுகின்றன. பிகாஃப் ஹிஸ்டோனோடு நிற்காமல் மயோடியின் மேலேயே அசிட்டைல் குறியைப் போடுகிறது, அதனால் மயோடி இன்னும் திறமையாக வேலை செய்கிறது. இன்னொரு பக்கம் மயோடி பி21 மரபணுவைத் தூண்டிவிடுகிறது, பி21 சிடிகே என்சைம்களை முடக்குகிறது, ஆர்பி புரதம் செல் பிரிதலின் கதவை அடைக்கிறது. செல் சுழற்சியிலிருந்து வெளியே வந்தாகிவிட்டது, இனித் திரும்பிப் போகாது.

திறந்த பிறகும் எல்லா மரபணுவும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை, இதைக் கவனியுங்கள். முதலில் இயங்குகிறவற்றில் முக்கியமானது மயோஜெனின். அதன் புரமோட்டரில், அதாவது மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும் வாசல் பகுதியில், பிபிஎக்ஸ், மெய்ஸ் என்ற இரண்டு புரதங்கள் முன்னாலேயே இடம்பிடித்து வைத்திருக்கின்றன, மயோடி அவற்றைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. பிறகு மயோடி மெஃப்2 குடும்பத்தைச் சேர்ந்த மெஃப்2டியைத் தயாரிக்க வைக்கிறது, மயோடியும் மெஃப்2டியும் சேர்ந்துதான் பிந்திய மரபணுக்களை இயக்கமுடியும். மெஃப்2டி வரும்வரை அந்தப் பிந்திய மரபணுக்கள் காத்திருக்கத்தான் வேண்டும். 2004-இல் இதைச் சோதிக்க மெஃப்2டியையும் இயங்குநிலையில் உள்ள பி38-ஐயும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள், பிந்தி வரவேண்டிய சில மரபணுக்கள் முந்தி வந்துவிட்டன. கால ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து குறைவு.

கடைசியாக ஒன்று. ஈ-பாக்ஸில் உட்காருகிற புரதங்கள் ஏராளம், நரம்பு செல்லை உருவாக்கும் நியூரோடியும் ஈ-பாக்ஸில்தான் உட்காருகிறது. பிறகு மயோடி மட்டும் எப்படித் தசையை உருவாக்குகிறது? 1992-இல் ஈ12 புரதத்தில் மூன்றே மூன்று அமினோ அமிலங்களை மாற்றி மயோடியில் இருக்கிற அமினோ அமிலங்களை வைத்தார்கள், ஈ12-க்குத் தசை மரபணுக்களை இயக்கும் திறமை வந்துவிட்டது. டிஎன்ஏவைப் பிடிப்பதும், பிடித்த இடத்தில் மரபணுவை இயக்குவதும் வேறு வேறு திறமைகள் என்பது அதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

வேர்க்கோடு:

மேலே நுண்ணோக்கி எழுதியதைத் தாண்டி முதல் கேள்விக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. இரண்டாவதுக்கு வருகிறேன்.

மயோடி ஒரு குடும்பத்தில் ஒன்று. மயோடி, மிஃப்5, மயோஜெனின், எம்ஆர்எஃப்4 என்று நான்கு பேர். மயோடி நீக்கிய எலி 1992-இல் வந்தது, நீங்கள் சொன்னபடி தசை ஏறக்குறையச் சரி, ஆனால் அந்த எலியில் மிஃப்5 வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. அதே வருடம் மிஃப்5 நீக்கிய எலியும் வந்தது, அதிலும் தசை இருந்தது, விலா எலும்புகள்தான் கெட்டுப்போயிருந்தன, குட்டிகள் பிறந்ததும் இறந்தன. பல வருடம் கழித்து மிஃப்5-ஐ மட்டும் சுத்தமாக நீக்கிய எலியை உருவாக்கினபோது விலா எலும்பு நன்றாகவே இருந்தது, ஆக முதல் எலியில் கெட்டது மிஃப்5 இல்லாததால் அல்ல, நீக்கிய விதத்தால். 1993-இல் இரண்டையும் சேர்த்து நீக்கியபோது எலும்புத் தசையே இல்லை, மயோபிளாஸ்ட்களும் இல்லை. ஒன்று போனால் இன்னொன்று தாங்குகிறது, இரண்டும் போனால் எதுவும் மிச்சமில்லை.

மயோஜெனின் வேறு ரகம். அதை நீக்கினால் மயோபிளாஸ்ட்கள் வந்து சேர்கின்றன, அந்தந்த இடத்தில் இருக்கின்றன, ஆனால் தசை நாராக மாறுவது மிகக் குறைவு, குட்டி பிறந்ததும் இறந்துவிடுகிறது. மயோடி, மிஃப்5 செல்லை ‘நீ தசை’ என்று முடிவு செய்கிறவை, மயோஜெனின் அந்த முடிவை நடத்திக் காட்டுகிறது என்று அப்போது எழுதினார்கள். படிப்பதற்கு ஒழுங்கான பிரிவுதான்.

ஆனால் அந்த ஒழுங்கு முழுதும் சரியில்லை. மிஃப்5-உம் எம்ஆர்எஃப்4-உம் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, மனிதனில் 12-ஆவது குரோமோசோம். மிஃப்5-ஐ நீக்கும்போது எம்ஆர்எஃப்4-இன் கட்டுப்பாடும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தது. 2004-இல் எம்ஆர்எஃப்4-க்குச் சேதம் வராமல் மற்ற இரண்டையும் மட்டும் நீக்கினபோது அந்தக் கருவில் கொஞ்சம் தசை உருவானது. அதாவது 1993-இன் ‘இரட்டை நீக்கம்’ உண்மையில் கிட்டத்தட்ட மும்மை நீக்கம். எம்ஆர்எஃப்4-உம் முடிவெடுக்கிற மரபணுதான். நீக்கல் சோதனை எதைப் படித்தாலும் பக்கத்து மரபணுவுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள், இந்தத் துறை அதைப் பத்து வருடத்துக்கும் மேலாகக் கேட்காமல் இருந்துவிட்டது.

மயோடி நீக்கிய எலி ‘நன்றாக இருக்கிறது’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1996-இல் அந்த எலியின் தசையைக் காயப்படுத்திப் பார்த்தார்கள், தசை சரியாகத் திரும்ப வளரவில்லை. தசை நாரின் சவ்வைத் தாங்குகிற டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாததால் தசை நோய் உள்ள எலியோடு அதைக் கலந்தபோது நோய் இன்னும் மோசமானது. தசையைத் திரும்ப வளர்க்கிற குருத்துச் செல்களான சாட்டிலைட் செல்கள் இருந்தன, தசையாக மாறுவதில்தான் தடுமாறின. கருவில் மிஃப்5 தாங்கிய பாரத்தை வளர்ந்த தசையில் அதனால் முழுசாகத் தாங்க முடியவில்லை.

தளிர்22:

இருவருக்கும் நன்றி, குறிப்பாக எம்ஆர்எஃப்4 விஷயம் எந்தப் பாடத்திலும் எனக்குக் கண்ணில் படவில்லை. ஆனால் இப்போது கேள்வி ஒரு படி பின்னால் போகிறது. மயோடியையும் மிஃப்5-ஐயும் முதலில் யார் இயக்குகிறார்கள்? கருவில் எல்லாச் செல்லுக்கும் அதே டிஎன்ஏதானே, ஒரு குறிப்பிட்ட இடத்துச் செல் மட்டும் ஏன்?

செல்வழி:

இடம்தான் விடை. உடம்புத் தசையெல்லாம் சோமைட்டிலிருந்து வருகிறது, அதாவது கருவின் முதுகுப்பக்கத்தில் நரம்புக்குழாயின் இருபுறமும் ஜோடி ஜோடியாக உருவாகிற திசுக் கட்டிகள். ஒவ்வொரு சோமைட்டுக்கும் சுற்றியிருக்கிற திசுக்களிலிருந்து சிக்னல் வந்துகொண்டே இருக்கிறது. கீழிருந்து, கருவின் நடு அச்சாக ஓடும் தண்டான நோட்டோகார்டும் நரம்புக்குழாயின் அடித்தளமும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதத்தை விடுகின்றன. மேலிருந்து, நரம்புக்குழாயின் முதுகுப்பகுதியும் அதன்மேல் உள்ள தோல்படலமும் வின்ட் புரதங்களை விடுகின்றன. பக்கவாட்டிலிருந்து பிஎம்பி வருகிறது, அது தசையாவதைத் தள்ளிப்போடும், நாகின் என்ற புரதம் பிஎம்பியைப் பிடித்து அடக்குகிற இடத்தில் தசை ஆரம்பிக்க வழி கிடைக்கிறது. ஒரு செல் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து அதற்குக் கிடைக்கிற கலவை மாறுகிறது.

இந்தக் கலவையைப் படிப்பது மரபணுவின் என்ஹான்சர் பகுதிகள், அதாவது மரபணுவை எங்கே, எப்போது இயக்குவது என்று தீர்மானிக்கிற டிஎன்ஏ துண்டுகள். மிஃப்5-க்கு முன்னால் சுமார் 1,40,000 எழுத்து நீளத்துக்கு என்ஹான்சர்கள் சிதறிக் கிடக்கின்றன, மிஃப்5-உம் எம்ஆர்எஃப்4-உம் அவற்றைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. முதுகுத் தசைக்கு ஓர் என்ஹான்சர், கை கால் தசைக்கு ஒன்று, தாடை வளைவுகளுக்கு வேறு. முதுகுத் தசைக்கான என்ஹான்சரில் ஹெட்ஜ்ஹாக் சிக்னலின் கடைசிக் கண்ணியான கிளி புரதம் உட்காருகிறது, வின்ட் சிக்னலையும் அதே என்ஹான்சர் படிக்கிறது. கை காலுக்கான என்ஹான்சரில் பாக்ஸ்3 என்ற இன்னொரு மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் நேரடியாக உட்காருகிறது. ஒரே மரபணு, ஒரே புரதம், ஆனால் உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் அதைக் கூப்பிடுகிற வழி வேறு. மயோடி எப்படி வேலை செய்கிறது என்று எழுதுகிறவர்கள் பத்து பேர் என்றால் மயோடிக்கு மேலே என்ன நடக்கிறது என்று எழுதுகிறவர் ஒருவர்தான், அது எனக்கு எப்போதுமே வருத்தம்.

கை கால் விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கள், அழகான கதை. கைத் தசையும் கால் தசையும் அந்தந்த இடத்திலேயே பிறந்தவை அல்ல, சோமைட்டிலிருந்து நகர்ந்து வந்த செல்கள். நகரும்போது அவை பாக்ஸ்3-ஐ வைத்திருக்கின்றன, மயோடியையும் மிஃப்5-ஐயும் இன்னும் இயக்கவில்லை. பாக்ஸ்3 சி-மெட் என்ற ஏற்பியைத் தயாரிக்க வைக்கிறது, கை மொட்டிலும் கால் மொட்டிலும் அந்த ஏற்பிக்கான சிக்னல் சுரக்கிறது, அதைப் பிடித்துத்தான் செல் சோமைட்டைவிட்டுப் பிரிந்து கிளம்புகிறது. பாக்ஸ்3 கெட்டுப்போன எலியை ஸ்பிளாட்ச் எலி என்பார்கள், அதற்குக் கை கால் தசை இல்லை, உதரவிதானத் தசையும் இல்லை, ஆனால் முதுகுத் தசை இருக்கும். போய்ச் சேர்ந்த பிறகுதான் மிஃப்5, மயோடி எல்லாம். முன்னதாகவே தசையாகிவிட்டால் செல் நகர முடியாது, அதனால் இந்தத் தாமதமே ஒரு தேவை.

தலைத் தசை தனி உலகம். முகம், தாடை, கண்ணை அசைக்கிற தசைகளுக்குப் பாக்ஸ்3 தேவையே இல்லை, அங்கே பிட்எக்ஸ்2, டிபிஎக்ஸ்1 போன்றவை மேலிடத்தில் இருக்கின்றன. பாக்ஸ்3-ஐயும் மிஃப்5-ஐயும் ஒருசேர இழந்த எலியில் உடம்புத் தசை மொத்தமும் போய்விடுகிறது, தலைத் தசை நிற்கிறது. மேலே வழி வேறாக இருந்தாலும் கீழே வந்து சேர்வது அதே நான்கு பேரிடம்தான்.

பனித்துளி:

தினமும் சி2சி12 செல்களோடு வேலை செய்கிறவள் என்ற முறையில், இதெல்லாம் தட்டில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், படிக்கிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. எலித் தசையிலிருந்து 1977-இல் பிரித்தெடுத்த செல்வரிசையின் வழிவந்தவை இவை. வளர்ச்சிக் காரணிகள் கொண்ட சீரம் (இரத்தநீர்) நிறைய உள்ள ஊடகத்தில் இருக்கும்வரை தட்டையாக, முனை கூர்மையாக, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பெருகிக்கொண்டே இருக்கும். தட்டு கிட்டத்தட்ட நிரம்பியதும் ஊடகத்தை மாற்றி இரண்டு சதவீதக் குதிரைச் சீரம் கொடுப்போம். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, கொஞ்சம் செல் செத்து மிதக்கும், புதிதாக வருகிற மாணவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். மயோஜெனினுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக உட்கரு ஒளிரும். அடுத்து அதே செல்களில் பி21, அப்புறம் மயோசின், கடைசியில்தான் இணைவு, வரிசை பெரும்பாலும் இதுதான். மூன்றாம் நாள் வாக்கில் செல்கள் ஒரே திசையில் வரிசைகட்டும், பிறகு சவ்வுகள் ஒன்றாகி நீண்ட குழாய்கள் வரும், ஒரு குழாய்க்குள் பத்து இருபது உட்கரு சாதாரணம். சில நேரம் தானாகவே துடிக்கும்.

செல்கள் அடர்த்தியாக இல்லாவிட்டால் சீரத்தைக் குறைத்தாலும் சரியாக வராது, பக்கத்துச் செல்லைத் தொட்டுக்கொண்டிருப்பதும் ஒரு சிக்னல். இன்னொன்று, எல்லாச் செல்லும் மாறிவிடாது. ஒரு பகுதி மயோடியைக் குறைத்துக்கொண்டு ஒற்றைச் செல்லாகவே குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும், மறுபடி சீரம் கொடுத்தால் பெருகும். ஒரே தட்டு, ஒரே மரபணுத் தொகுதி, ஒரே ஊடகம், அப்படியிருந்தும் இரண்டு வழி.

இணைவும் மரபணுக் கட்டுப்பாடுதான். மயோமேக்கர் என்ற சவ்வுப் புரதத்தை 2013-இல் கண்டுபிடித்தார்கள், அதை ஃபைப்ரோபிளாஸ்டில் வைத்தால் அது தசைச் செல்லோடு இணைகிறது. 2017-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இன்னொரு சிறு புரதத்தைக் கண்டுபிடித்தன, மூன்று பேரும் மூன்று பெயர் வைத்தார்கள், எலியில் அது வெறும் 84 அமினோ அமிலம். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தங்களுக்குள்ளேயே இணைகின்றன. இரண்டு மரபணுவின் புரமோட்டரிலும் ஈ-பாக்ஸ் இருக்கிறது, ஆக மயோடியும் மயோஜெனினும் இங்கேயும் கை வைத்திருக்கின்றன.

வேர்க்கோடு:

இதுவரை பேசியதெல்லாம் மரபணுவைப் படியெடுப்பதைப் பற்றி. ஆர்என்ஏ வந்த பிறகு நடக்கிற கட்டுப்பாட்டை விட்டுவிடக் கூடாது. மிர்-1, மிர்-133, மிர்-206 ஆகிய மைக்ரோ ஆர்என்ஏக்கள் (மற்ற ஆர்என்ஏவில் ஒட்டி அதை அடக்குகிற குட்டி ஆர்என்ஏக்கள்) தசையில் ஏராளம், இவற்றையும் மயோடி, மெஃப்2 இயக்குகின்றன. மிர்-1 ஹெச்டாக்4-இன் ஆர்என்ஏவை அடக்கி மேலே சொன்ன பிரேக்குகளில் ஒன்றை எடுத்துவிடுகிறது. மிர்-206 சாட்டிலைட் செல்லின் அடையாளமான பாக்ஸ்7-ஐ அடக்குகிறது, செல் பழைய நிலைக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்கிறது.

இதன் பலம் எவ்வளவு என்று காட்ட டெக்சல் ஆடு போதும். மயோஸ்டாட்டின் என்ற புரதம் தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கிறது. 1997-இல் அந்த மரபணுவை நீக்கிய எலிக்குத் தசைகள் இரண்டு மூன்று மடங்காயின. பெல்ஜியன் புளூ மாட்டில் அதே மரபணுவில் 11 எழுத்து காணாமல் போயிருப்பதால்தான் அந்தப் பருத்த உடம்பு. டெக்சல் செம்மறி ஆட்டிலோ மயோஸ்டாட்டின் புரதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆர்என்ஏவின் வால் பகுதியில், புரதத்துக்கு மொழிபெயர்க்கப்படாத இடத்தில், ஒரு ஜி எழுத்து ஏ-வாகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஓர் எழுத்து மிர்-1, மிர்-206 வந்து ஒட்டுவதற்குப் புதிய இடத்தை உருவாக்கிவிட்டது, தசையில் அவை இரண்டும் நிறைய, மயோஸ்டாட்டின் குறைகிறது, தசை கூடுகிறது. 2006-இல் வெளிவந்த வேலை இது. புரதத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

தளிர்22:

பிறந்த பிறகும் இதே வழிதானா? சாட்டிலைட் செல் என்று வேர்க்கோடு சொன்னார். தசை நார் வந்த பிறகு அது மெதுவான நாரா வேகமான நாரா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:

சாட்டிலைட் செல்லை அலெக்சாண்டர் மாரோ 1961-இல் தவளைத் தசையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார், நாரின் சவ்வுக்கும் அதைச் சுற்றியுள்ள அடிப்படலத்துக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றின் அடையாளம் பாக்ஸ்7. காயம் பட்டால் விழித்து, மயோடியை இயக்கி, பெருகி, பிறகு மயோஜெனின் வழியாகத் தசையாகின்றன, ஒரு பங்கு திரும்பவும் தூங்கப் போகிறது. கருவின் வழியே மறுபடி ஓடுகிறது என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் தூக்கம் என்கிற கட்டம் இங்கே புதிது. அதிலும் ஒரு நுட்பம்: தூங்குகிற செல்களில் பெரும்பாலானவை மிஃப்5 ஆர்என்ஏவை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கின்றன, மிர்-31 அதைப் பிடித்துச் சிறு துகள்களுக்குள் பூட்டி வைத்திருக்கிறது, புரதமாக விடுவதில்லை. விழித்ததும் துகள் கலைகிறது, மிஃப்5 புரதம் உடனே கிடைக்கிறது. ஆர்என்ஏவை அப்போதுதான் எழுத ஆரம்பித்தால் ஆகிற நேரம் மிச்சம்.

நார் வகையைப் பொறுத்தவரை, நரம்புக்குப் பெரிய பங்கு. 1960-இல் பூனையில் மெதுவான தசைக்குப் போகிற நரம்பையும் வேகமான தசைக்குப் போகிற நரம்பையும் மாற்றி இணைத்துப் பார்த்தார்கள், தசைகளின் வேகமும் மாறியது. மெதுவான நரம்பு விடாமல் தூண்டிக்கொண்டே இருப்பதால் நாருக்குள் கால்சியம் உயர்ந்தே இருக்கிறது, கால்சிநியூரின் என்ற என்சைம் விழிக்கிறது, அது மெதுவான நார் மரபணுக்களை இயக்குகிற என்ஃபாட் புரதத்தை உட்கருவுக்குள் அனுப்புகிறது. கால்சியத்தால் விழிக்கிற இன்னொரு கைனேஸ் ஹெச்டாக்4, ஹெச்டாக்5-ஐ உட்கருவிலிருந்து வெளியேற்றுகிறது, மெஃப்2 விடுபடுகிறது. மயோபிளாஸ்டில் பிரேக்காக இருந்த அதே ஹெச்டாக் புரதங்கள்தான், வளர்ந்த நாரில் உழைப்பை அளக்கிற வேலைக்கு வந்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் சாக்ஸ்6 மெதுவான நார் மரபணுக்களை அடக்கி வைக்கிறது, சிக்ஸ்1 வேகமான பக்கம் தள்ளுகிறது. ஆனால் ஆரம்பத்தில் நரம்பு வந்து சேருமுன்பே கருவில் நார்களுக்கு ஓரளவு வகை வந்துவிடுகிறது, அதனால் எல்லாவற்றையும் நரம்பின் தலையில் போட முடியாது.

கதிரொளி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் நெருங்கிய உறவினருக்கு முகத்தையும் தோளையும் பாதிக்கிற எஃப்எஸ்ஹெச்டி என்ற தசை நோய். மரபணுவில் பிழை என்று சொல்லாமல் ‘அடங்கியிருக்க வேண்டிய மரபணு அடங்கவில்லை’ என்று விளக்கினார்கள், எங்களுக்கு முழுதாகப் புரியவில்லை. இங்கே பேசுவதோடு அதற்குத் தொடர்பு உண்டா?

செல்வழி:

நேரடித் தொடர்பு, மன்னிப்பெல்லாம் வேண்டாம், கேட்டது நல்லது. அந்த மரபணுவின் பெயர் டக்ஸ்4. கரு சில செல்களாக இருக்கிற மிக ஆரம்ப நாட்களில் அதற்கு வேலை உண்டு, அதன் பிறகு தசை உட்படப் பெரும்பாலான திசுக்களில் அது வாயைத் திறக்கக் கூடாது. 4-ஆவது குரோமோசோமின் நுனியில் சுமார் 3,300 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது, அதன் ஒவ்வொரு பிரதியிலும் டக்ஸ்4 இருக்கிறது. பொதுவாக 11 முதல் 100 பிரதி வரை இருக்கும், அவ்வளவு பிரதி இருந்தால் அந்தப் பகுதி முழுவதும் மீத்தைல் குறிகளோடு இறுக்கமாக மூடிக்கிடக்கும். இந்த நோயின் முதல் வகையில் பிரதி 1 முதல் 10 வரைதான், மூடி தளர்கிறது. தளர்ந்தாலும் டக்ஸ்4-இன் ஆர்என்ஏ நிலைத்து நிற்க அதன் முடிவில் ஒரு சிறப்பு வரிசை தேவை, அது சில வகைக் குரோமோசோமில்தான் உண்டு. அதனால்தான் பிரதி குறைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. இரண்டாம் வகையில் பிரதி அவ்வளவு குறைவதில்லை, மூடி வைக்கிற புரதமே, பெரும்பாலும் எஸ்எம்சிஹெச்டி1, கெட்டுப்போயிருக்கும். உங்களுக்குச் சொன்னது சரியான விளக்கம்தான், டக்ஸ்4 புரதத்தில் பிழையே இல்லை, அது வரக்கூடாத நேரத்தில் வருகிறது.

தசையில் டக்ஸ்4 விழிக்கும்போது ஆரம்பக் கருவுக்கு உரிய மரபணுக்களை இயக்கிவிடுகிறது, அந்தச் செல் தாங்குவதில்லை. எல்லா உட்கருவிலும் ஒரே நேரத்தில் இது நடப்பதும் இல்லை, மிகச் சில உட்கருக்களில் அவ்வப்போது வெடிக்கிறது, அதனால்தான் நோய் மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும், பெரும்பாலும் இடம் வலம் ஒரே அளவாக இல்லாமலும் போகிறது. டக்ஸ்4-ஐ மறுபடி மூட வைப்பது, அதன் ஆர்என்ஏவை அழிப்பது என்று இரண்டு வழியிலும் ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் உறவினருக்கு எந்த வகை என்பதை மரபணு ஆலோசகரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வகையைப் பொறுத்துக் குடும்பத்தில் மற்றவர்களுக்கான சோதனையும் மாறும்.

கதிரொளி:

நன்றி. பிரதி எண்ணிக்கை 6 என்று அறிக்கையில் இருக்கிறது, அப்படியானால் முதல் வகை என்று புரிகிறது. அடுத்த முறை போகும்போது அந்த முடிவு வரிசையைப் பற்றியும் கேட்கிறேன்.